ஒட்டடைக் கொம்பும் நாலு விளக்கும்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் என்றால் எனக்கு மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிடமே விழட்டும்.

எங்கள் ஹாலின் மூலையில் மருமகளின் தையல் மெஷின். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போதெல்லாம் அவள் தலை நிழலே ஊசிமேல் விழுந்து உயிரை எடுக்கும். ஒருநாள் கத்தரிக்கோலை டக்கென்று வைத்தாள்.

"மாமா, இந்த மூலைக்கு வெளிச்சம் வரணும். இல்லேன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

மெஷின் போனால் மருமகள் போவாள். மருமகள் போனால் என் காபி போகும். விஷயம் கழுத்துக்கு வந்துவிட்டது.

ஃபால்ஸ் சீலிங்கில் எல்.ஈ.டி. விளக்குப் பதிக்க எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் அண்ணாந்து பார்த்து, டேப் பிடித்து, காகிதத்தில் வரிசைக்கு நாலாகப் பன்னிரண்டு வட்டம் வரைந்தார்.

"அழகா இருக்கு தம்பி. இதுல மெஷின் எங்க?"

"அது கீழ இருக்கும் பெரியவரே. லைட் மேலதானே வருது?"

"அஞ்சாவது வட்டம் அவ முதுகுக்குப் பின்னாடி வருதே. மறுபடியும் தலை நிழல்தான் தைக்கும்."

"அப்ப நீங்களே பிளான் போடுங்க. உங்க மருமக ஒரே தடவையில ஊசி கோத்துட்டா என் மீசையை எடுத்துடறேன்."

பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தினேன். ஒட்டடைக் கொம்பின் நுனியில் டார்ச்சைக் கட்டி, மருமகளை மெஷினில் உட்காரவைத்து, சீலிங்கை ஒட்டிக் கொம்பை நகர்த்தினேன்.

"என்ன பெரியவரே, லைட் போடறீங்களா, ஒட்டடை அடிக்கறீங்களா?"

நான் காதில் வாங்கவில்லை. "நிழல் இருக்காம்மா?"

"இருக்கு மாமா… இன்னும் இருக்கு… கொஞ்சம் முன்னாடி, இடது பக்கமா… ஆங், போச்சு!"

நிழல் போன இடத்தில் ஒரு சாக்பீஸ் புள்ளி. இப்படியே மூன்று நாள் கொம்பைக் கீழே வைக்கவில்லை, தூக்கமும் நின்றபடிதான். இரண்டாம் நாளே சீலிங் பல்லி வேலையைக் கற்றுக்கொண்டது. எனக்குக் கை வலித்தபோது அதுவே சரியான இடத்தில் உட்கார்ந்து வாலால் வட்டம் போட்டுக் கொடுத்தது. ஒரு வட்டம்கூடக் கோணல் இல்லை.

மொத்தம் நாலே விளக்கு. மெஷினுக்கு ஒன்று, துணி வெட்டும் மேஜைக்கு இரண்டு, என் நாற்காலிக்கு ஒன்று.

சுவிட்சைப் போட்டோம். மருமகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கறுப்பு நூலை நீட்டினாள். ஊசி ஒரு சாண் தள்ளி இருக்கும்போதே நூல் தானாகக் காதுக்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து முடிச்சும் போட்டுக்கொண்டது. விழ இடமில்லாமல் எங்கள் மூவரின் நிழல்களும் வாசலில் போய் உட்கார்ந்தன. தெருவில் போனவர்கள் அவற்றிடம் வழி கேட்டார்கள்.

எலெக்ட்ரீஷியன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நிலைக்கண்ணாடிப் பக்கம் நடந்தார்.

"அண்ணா, அது துணி வெட்டற கத்தரி. மழுங்கிடும்!" என்றாள் மருமகள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, காபி போடட்டுமா?" என்றாள்.

மெஷின் எங்கேயும் போகவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த ஹாலுக்குக் கூரையே அடுத்த வாரம்தான் போடுகிறார்கள்.