எண் போடாத கடிதம்

காலை எட்டு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் கல்லூரி முதல்வரின் கைபேசிக்கு முந்நூற்றுச் சொச்சம் அழைப்புகள் வந்துவிட்டன. கல்லூரி இணையதளத்தின் முகப்பில், அவருடைய சிரித்த படத்துக்குக் கீழே, சொந்த எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் பளிச்சென்று நின்றன. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டார்களாம். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

செய்தது யார் என்று வலைவீசித் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தானே வந்து 'நான்தான்' என்று நின்றாள். அதே கல்லூரியின் தபால் பிரிவில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் எழுத்தரம்மாவின் ஒரே மகள் அவள். எழுத்தரம்மாவுக்கு மானமே போயிற்று. முதல்வர் முன்னால் வைத்தே மகளின் முதுகில் ஒன்று வைத்தார்.

முதல்வர் ஒரு வழி சொன்னார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். 'விளையாட்டாகச் செய்துவிட்டேன்' என்று காரணம் அதில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் நீக்கம், அதோடு விஷயம் முடிந்தது. இல்லையென்றால் போலீஸ், வழக்கு, படிப்புக்கு முழுக்கு. கூடவே, இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் கணினியில் இப்படிக் குற்றம் செய்கிறார்கள் என்று ஒரு சொற்பொழிவும் நடத்தினார். திமிராம், சினிமாவாம், தனிமையாம், பெற்றோர் கண்டிப்பதில்லையாம். இத்தனை காரணம் சொன்னவர் எதிரில் நின்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுத்தரம்மா மகளைத் தரதரவென்று தபால் அறைக்கு இழுத்துப் போனார். பசை டப்பா, தேதி முத்திரை, இரண்டு இரும்பு பீரோ, கடகடக்கும் மின்விசிறி. விண்ணப்பம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பத்து நிமிஷத்தில் மன்னிப்புக் கடிதம் தயாராகிவிட்டது. மகள் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"விளையாட்டுன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போதுதான் கதை வெளியே வந்தது. இணையதளத்தில் தன் பக்கத்தைத் திறந்து, இணைய முகவரியின் கடைசி எண்ணை மட்டும் மாற்றினால் போதும்; அடுத்த பெண்ணின் பக்கம் திறந்துகொள்ளும். படம், கைபேசி எண், விடுதி அறை எண், எல்லாம் சந்தைக்கு வந்த மாதிரி கிடக்கும். எவனோ ஒரு பொறுக்கி அதைக் கண்டுபிடித்து, இவளுடைய வகுப்புத் தோழியைக் கூப்பிட்டு மூச்சு விட ஆரம்பித்தான். அந்தப் பெண் இரண்டு முறை எண்ணை மாற்றினாள். மூன்றாம் முறை படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கணினிப் பிரிவுத் தலைவரிடம் இவள் போய்ச் சொன்னதற்கு, இதிலெல்லாம் மூக்கை நுழைக்காதே என்று விரட்டிவிட்டாராம்.

"இதை என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றார் எழுத்தரம்மா.

"சொன்னேம்மா. ஆபீஸ் விஷயத்தை வீட்ல பேசாத, எதுவா இருந்தாலும் எழுத்துல குடுன்னு நீதான சொன்ன? எழுத்துல குடுத்தேன். உன் ஜன்னலுக்கு வெளியில இருக்கிற பெட்டியிலதான் போட்டேன். பதிலே வரல. அதான் அதே ஓட்டை வழியா முதல்வரோட விவரத்தை எடுத்து முகப்புல போட்டேன்."

எழுத்தரம்மாவின் கண் கீழ் இழுப்பறைக்குப் போனது. வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டால்தான் அது வந்ததாகக் கணக்கு. முதல்வருக்குத் தலைவலி தரும் கடிதங்களுக்கு எண் போடக் கூடாது. வாய்மொழி உத்தரவுதான், அதற்கு ஆதாரம் எங்கே இருக்கப்போகிறது? எழுத்தரம்மாவும் தலைப்பை மட்டும் பார்ப்பார், தலைவலி என்று தெரிந்தால் கீழ் இழுப்பறையில் தள்ளிவிடுவார். கீழே யார் கையெழுத்து என்று பார்க்கிற வழக்கமே விட்டுப்போயிருந்தது.

இழுப்பறையைத் திறந்தார். மகளின் கையெழுத்தில் மூன்று பக்கம். ஓட்டை எங்கே, எப்படி அடைப்பது என்பதுவரை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, தோழியின் அப்பா எழுதிய இரண்டு கடிதங்கள்; கோணல்மாணலான எழுத்து. 'எம் மகளுக்கு பயமா இருக்கு அய்யா' என்று முடிந்திருந்தது இரண்டாவது. அதைப் படித்ததும் எழுத்தரம்மாவுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"போலீஸ் வந்தா பயமா இருக்குமா உனக்கு?"

"இருக்கும்" என்றாள் மகள். "இருக்கட்டும்."

எழுத்தரம்மா மூன்று கடிதங்களுக்கும் முத்திரை குத்தினார். முத்திரையில் விழுந்தது இன்றைய தேதிதான். பழைய தேதிக்குத் திருப்ப அவருக்குத் தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை. பதிவேட்டில் எண் போட்டு, அதையும் தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார்.

இதெல்லாம் நமக்கு வரவே இல்லையே என்றார் முதல்வர்.

"வந்துது சார். எண் போடாம வெச்சிருந்தது நான்தான். நீங்க சொல்லித்தான் வெச்சேன். ஆனா வெச்ச கை என்னோடது."

முதல்வரின் குரல் சட்டென்று குழைந்தது. பதற வேண்டாம், உங்கள் வேலையையும் யோசியுங்கள், நீக்கத்தைக்கூட மூன்று மாதமாகக் குறைத்துக்கொள்ளலாம், இதை நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம் என்று பூசி மெழுகினார். பேசிக்கொண்டே கடிதங்களைத் தன் பக்கம் இழுத்தார். எழுத்தரம்மா அவற்றின் மேல் பதிவேட்டைத் தொப்பென்று வைத்தார்.

"போலீஸைக் கூப்பிடுறேன்னு சொன்னீங்களே சார், கூப்பிடுங்க."

முதல்வர் தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். எழுத்தரம்மா மேஜைத் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, தானே எண்ணை அழுத்தினார். என்ன புகார் என்று மறுமுனையில் சலிப்பாக ஒரு குரல் கேட்டது.

"ரெண்டு புகார் இருக்கு. ரெண்டாவது என் பொண்ணு மேல" என்றார் எழுத்தரம்மா. "முதல் புகாரை முதல்ல எழுதிக்கோங்க. அது என் மேல."