ஒரே பனிக்கு இரண்டு விலை

1

ஜெகதளாவில் விடியற்காலைப் பனியின் விலை, ஓர் இரவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். இட்லியும் அதில் அடக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் அதே பனி நாலாயிரத்து ஐந்நூறு. இட்லி கிடையாது, டோஸ்ட்தான். ஆனாலும் அந்தப் பக்கம்தான் இடம் கிடைப்பதில்லை.

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் சிக்கியது. குன்னூர்ப் பக்கம் தங்க அறை தேடிக் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரே பள்ளத்தாக்கை ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு படங்கள் இரண்டு விலையோடு வந்தன. கடைவீதியில் வளர்ந்தவனுக்கு இதில் சந்தேகமே வராது. சரக்கு ஒன்று, விலை இரண்டு என்றால் கடைக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். மீதி முழுக்க என் கற்பனை. யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் செடிகள் —"

(விட்டுவிட்டேன். எல்லா விடுதி விளம்பரத்திலும் இந்தக் கம்பளம் கிடக்கிறது. மிதிபட்டுச் சாயம் போய்விட்டது.)

அடுத்தது: "ஞானசுந்தரி பொறாமைக்காரி அல்ல." இது பொய். மூன்றாவது தேவலை.

3

ஞானசுந்தரிக்கு வயிறு எரிந்தது.

அவள் கணவன் பிராங்ளினும் கொழுந்தன் ரொனால்டும் அப்பாவின் வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். அந்தப் பக்கம் ரொனால்டின் மனைவி கெஸியா, அதாவது இவளுடைய ஓரகத்தி. இரண்டு பேருமே மாடி அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறார்கள். கெஸியா வீட்டில் விளக்குச் சரம், ஊஞ்சல், பொழுது சாய்ந்தால் கேம்ப் ஃபயர், ஸ்பீக்கரில் பாட்டு. ஞானசுந்தரி வீட்டில் சுத்தமான போர்வை.

வருகிற கார்கள் எல்லாம் இவள் கேட் முன்னால்தான் வந்து நிற்கும். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடுவாள்.

"ஏனுங்க, கெஸியா மேடம் ஊடு இதுங்களா?"

"அடுத்த ஊடுங்க."

இந்த சீசனில் விருந்தினரிடம் அவள் அதிகம் பேசிய வாக்கியம் இதுதான்.*

பிராங்ளின் ஒரு நாள் தீர்ப்புச் சொன்னார். "மே மாசம் முடியட்டும். அப்பவும் ஆளு வரலைன்னா நம்ம மாடியைக் கெஸியாகிட்டயே வாடகைக்கு விட்டுர்லாம். அதுக்கு ரூம் பத்தலையாம்."

"அப்ப நானு?"

"காலை டிபனுக்கு உன்னையே வெச்சுக்கறேன்னு சொல்லுது."

ஓரகத்தியின் விருந்தினருக்கு டோஸ்ட் வாட்டுவதா! ஞானசுந்தரி அன்று சாப்பிடவில்லை.

(* பொறாமைக்குக் கண் கூர்மை அதிகம். அந்தப் பக்கத்துக் கொடியில் காயும் துண்டுகளைப் பார்த்தே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், அதில் எத்தனை ஜோடி என்று ஞானசுந்தரி சொல்லிவிடுவாள்.)

4

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரைச் சர்ச் கேட்டருகே பிடித்துக்கொண்டாள். "கூகுள் மேப்புல எங்க ஊட்டைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிப் போடுங்க."

அவர்களில் ஒருவரும் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. (முகம் சுளிக்கிற வாசகர், கடைசியாகத் தாம் ஐந்து நட்சத்திரம் கொடுத்த மச்சான் கடையை நினைத்துக்கொள்ளட்டும்.) ஆனால் அவர்களுக்கு ஒரு சிக்கல். நாலு பேர் முன்னால் நன்மையைச் சொல்ல அவர்கள் அறிந்த முறை ஒன்றே ஒன்று: சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது. அப்படியே எழுதினார்கள்.

"சகோதரி ஞானசுந்தரி இல்லத்து மாடிப்படி ஏறினேன். மூட்டுவலி இறங்கிப் போயிற்று."

"நித்திரையின்றித் தவித்தேன். அந்தக் கட்டிலில் சாய்ந்தவுடன் கர்த்தர் என் கண்ணை மூடினார். வெந்நீரும் உண்டு." இது ஆன்சி டீச்சர்.

5

திருப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெயர் கமலேஷ்.

"ஏனுங்க, தூக்கம் வர்ற ஊடு உங்களுதுங்களா? எங்கம்மா நல்லாத் தூங்கி ரெண்டு வருசமாச்சுங்க. பாக்காத டாக்டர் இல்லை. ரெண்டு ரூமையும் மூணு நாளைக்குப் போட்டுக்கறனுங்க. ஜெபம் எத்தனை மணிக்குங்க?"

என் முதல் வரைவில் ஞானசுந்தரி உண்மையைச் சொல்லி அழுதாள். நல்லவளாகிவிட்டாள், கதை படுத்துவிட்டது. இரண்டாவதில் அற்புதம் உறுதி என்றாள். அவ்வளவு கெட்டவளாக்க எனக்கு மனம் வரவில்லை. அசல் ஞானசுந்தரி, விற்கத் தெரிந்தவள், நடுவில் நின்றாள்:

"ஜெபமெல்லாம் இங்க நடத்தறதில்லீங்க. மெத்தை நல்ல மெத்தைங்க. சத்தமே இருக்காதுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

6

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். கமலேஷின் அம்மா பாலாமணி மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"அந்த டீச்சரம்மா எந்தக் கட்டில்லங்க படுத்தாங்க?"

"சன்னலோரத்துலீங்க," என்றாள் ஞானசுந்தரி. போர்வை நுனியைச் சரிசெய்தாள்.

அதே நேரம் அந்தப் பக்கம் விறகு இறங்கியது. ஸ்பீக்கர் ஒரு முறை உறுமிப் பார்த்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு மிதிக்காத ஓரகத்தி வாசலை ஞானசுந்தரி மிதித்தாள்.

"கெஸியா, இன்னிக்கு ஒரு நாள் பாட்டு வேண்டாமே."

"அக்கா, பெங்களூர்ல இருந்து பதினாலு பேரு பாட்டுக்குத்தான் வந்திருக்காங்க."

"வயசான அம்மா ஒண்ணு தூங்கணும்."

கெஸியா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் படிச்சனுங்க, ஆன்சி டீச்சர் எழுதினதை. ஒண்ணுக்கு நாலு தரம். எங்க ஊட்டுக்கு வர்றவன் என்ன எழுதறான்? 'செம பார்ட்டி', 'லைட்டிங் சூப்பர்'. நல்லாத் தூங்கினேன்னு ஒருத்தன் எழுதலீங்க. குடும்பமா வர்றவங்கெல்லாம் இனி உங்ககிட்டத்தான் போவாங்க."

ஞானசுந்தரி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பொறாமை அங்கே அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. தைலம் தடவியதுபோல் அவளுக்கு உள்ளே இதமாக இருந்தது.

"பாட்டை நிறுத்து. டீச்சரை உனக்கும் ஒரு வரி எழுதச் சொல்றேன்."

"மொதல்ல எழுதட்டும்."

"மொதல்ல நிறுத்து."

பிறகு கெஸியா ஸ்பீக்கரின் ஒயரை உருவி, சுருட்டி, ஞானசுந்தரியின் கையில் வைத்தாள். "அடமானம். காலைல டீச்சரோட வரி வந்ததும் மீட்டுக்கறனுங்க."

"அந்தப் பதினாலு பேரு?"

"கரண்ட்டு லோ வோல்டேஜ்னு சொல்லிக்கறேன். மலை மேல எதைச் சொன்னாலும் நம்புவாங்க."

7

பாலாமணி தூங்கினார் என்று எழுதினால் கமலேஷ் மேப்பில் ஓர் உண்மையான வரி போடுவார், மாடி ஞானசுந்தரிக்கே தங்கும். தூங்கவில்லை என்று எழுதினால் அதையும் அவர் எழுதுவார். டீச்சர் வரை எல்லோர் சாட்சியும் பொய்யென்று தெரிந்துவிடும், ஞானசுந்தரி டோஸ்ட் வாட்டுவாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது நன்றாக வந்தது, அதனாலேயே கிழித்தேன். ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது, பாலாமணி சன்னலோரமாகத் திரும்பிப் படுத்தார் என்பது வரை நான் பொறுப்பு —

வாசகர் பொறுப்பில் ஒப்படைக்கும் கணக்கு:

ஞானசுந்தரிக்கு வரவு: ஒயர் ஒன்று, ஓரகத்தியின் பொறாமை ஒன்று.
கெஸியாவுக்கு அவள் தர வேண்டியது: பொய் ஒன்று.
கமலேஷிடம் வர வேண்டியது: உண்மை ஒன்று, எந்தப் பக்கம் என்று தெரியாது.
பாலாமணிக்குப் பாக்கி: ஒரு ராத்திரித் தூக்கம்.