இரண்டு துடுப்புகளுக்கு நடுவே

விரல்களை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது கயோவுக்கு. சொல்லவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அப்பாவின் சவப்பெட்டிக்குள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைச் சுற்றி வெள்ளைச் சாமந்தி, தோள்களை ஒட்டி வெளிர் ஊதா ஆர்க்கிட். அங்கெல்லாம் இடம் தீர்ந்ததும் மார்பின் மேல் கோத்து வைத்திருந்த கைகளின் மேல். வலது பெருவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் ஹிசாயோ அத்தை ஒரு கொத்துச் சாமந்தியை வைத்து, சரியாக இருக்கிறதா என்று தட்டியும் பார்த்தாள்.

கயோ ஒரே பெண். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. துக்கத்துக்குத் தலைமையாக நிற்பவள் அவள்தான். தலைமையாக நிற்பவள் அடுத்தவர் வைத்த பூவை நகர்த்தினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

கடைசியாக வந்தவர் தனிமோதோ. படித்து முடித்த கையோடு அப்பாவிடம் வேலை கற்க வந்தவர். இப்போது அப்பா வேலை பார்த்த அதே வீடியோ கேம் நிறுவனத்தில் ஒரு பிரிவுக்கே தலைவர். கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். பழைய கன்ட்ரோலர். மஞ்சளேறிப்போயிருந்தது. அதன் வாலை அழகாகச் சுருட்டி ரப்பர் போட்டிருந்தார். வலது ஓரத்தில் இரண்டு வட்ட பட்டன்கள், எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று.

சவப்பெட்டிக்கு அருகில் நின்றிருந்த பெண் ஊழியர் தலை தாழ்த்தினார். "மன்னிக்கணும். பிளாஸ்டிக் வைக்க முடியாதுங்க. உருகி எலும்புல ஒட்டிக்கும்."

"வயரை வெட்டிட்டுக் குடுத்தா?"

"மன்னிக்கணும்."

"அவன் கண்ணாடியையே கழட்டிட்டாங்க" என்றாள் அத்தை. "கண்ணு தெரியாம அங்க போய் எதைப் பாத்து விளையாடுவான்?"

பின்னால் யாரோ கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். தனிமோதோவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கன்ட்ரோலரை மறுபடி துணியில் சுற்றி, இரண்டு கைகளாலும் கயோவிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மூடியை எடுத்து வந்தார்கள்.

தகனசாலையின் காத்திருப்பு அறையிலிருந்து மலை தெரிந்தது. மேப்பிள் இலைகள் இன்னும் முழுக்கச் சிவக்கவில்லை. தாழ்வான மேசைகளில் சாப்பாட்டுப் பெட்டிகள், தேநீர், பீர். அத்தை பெட்டியைத் திறந்து, முதலில் வறுத்த மீனை எடுத்தாள்.

"உங்கப்பன் தெத்சுரோ இருந்தா ஊறுகாயை மட்டும் தின்னுட்டு மிச்சத்த நம்ம பக்கம் தள்ளியிருப்பான்" என்றாள். "நீயும் சாப்பிடுடீ. எலும்பெடுக்கக் கையில தெம்பு வேணும்."

கயோ ஊறுகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தனிமோதோ எதிரே வந்து மண்டியிட்டு அமர்ந்து, அத்தையின் கோப்பையில் பீர் ஊற்றினார். அவர் எதையோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று கயோவுக்குத் தெரிந்தது. நேற்று இரவு உடலுக்குக் காவலாக விழித்திருந்தபோதே தெரிந்தது. ஊதுவத்தியைக் கொளுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதிகமாகவே அவளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அவன் உண்டாக்கின அந்தப் படகு விளையாட்டை மறுபடியும் விக்கப் போறீங்களாமே" என்றாள் அத்தை.

"அடுத்த மாசம் வருதுங்க."

"பழசுதானே? எதுக்கு மறுபடியும்?"

"படம் பழசு. கை மட்டும் புதுசு." தனிமோதோ இன்னும் பயன்படுத்தாத சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்து இரு கைகளிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார். "முன்ன ரெண்டு பட்டன். இந்தத் துடுப்புக்கு ஒண்ணு, அந்தத் துடுப்புக்கு ஒண்ணு. ஒரே பெருவிரலால மாத்தி மாத்தி அமுக்கணும். இப்ப கன்ட்ரோலரையே துடுப்பு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ச்சா போதும். தண்ணி எதுத்துத் தள்ளறது உள்ளங்கையில தெரியும். மெய்யாலுமே தெரியும்."

"துடுப்புப் போடணும்னா அரஷியாமா ஆத்துல வாடகைக்குப் படகு கிடைக்குதே."

"பழைய ஆளுங்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்லித் திட்டறாங்க." அவர் பிடரியைத் தடவினார். "பெருவிரல் வலிக்காம கடந்தா அது ஆறே இல்லையாம்."

"வலிக்கணும்னு காசு குடுத்து வாங்கினாங்களா? நல்ல கூத்து."

தனிமோதோ குச்சிகளை மேசையில் இணையாக வைத்தார். "ஒண்ணு மட்டும் எனக்குக் கடைசிவரைக்கும் விளங்கல. ஒரு துடுப்புக்கும் அடுத்த துடுப்புக்கும் நடுவுல கொஞ்சம் காத்திருக்கணும். அவசரப்பட்டா படகு சுத்திடும். அந்தக் காலத்து மெஷின் மந்தம், அதான் அப்படின்னு எல்லாரும் நினைச்சோம். மெஷின் காரணமே இல்ல. உங்கப்பா மொரிவாக்கி சான் வேணும்னேதான் வச்சிருக்கார். இப்ப மயிரிழை பிசகாம அளந்து புதுசுலயும் வச்சிருக்கோம். ஆனா ஏன் அவ்வளவு? கேட்டா, 'அது அவ்வளவுதான்'னு சொல்லிட்டுப் போயிடுவார்."

கயோ தேநீர்க் கோப்பையைத் திருப்பினாள்.

அது அவளுடைய பெருவிரல்.

அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அலுவலகத்து விளையாட்டுப் பெட்டி ஒன்றை வீட்டு டிவியில் மாட்டி, அவளை அதன் முன் உட்கார வைப்பார். பெரியவர்களின் விரல் இரண்டு பட்டன்களின் மேலும் ஒரே நேரத்தில் படுத்திருக்கும். ஓர் ஆட்டு ஆட்டினால் போதும். அவளுக்கு எட்டாது. ஒன்றிலிருந்து விரலை முழுக்கத் தூக்கி அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா அந்தத் தூக்கலைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிவியை அல்ல, அவள் முகத்தையும் அல்ல. பெருவிரலை. "வலிக்குதா?" என்பார். வலிக்கும். "இல்லை" என்பாள். வலிக்கிறது என்றால் பெட்டியை மூடிவிட்டுப் போய்விடுவார், அடுத்த ஞாயிறுவரை வரமாட்டார். துடுப்பு நேரத்துக்கான எண்களை மாற்றிவிட்டு, "மறுபடியும்" என்பார். ஒருமுறை அவள் அழுதபோது கண்ணீர் பட்டன் மேல் விழுந்தது. அப்பா தன் சட்டை நுனியால் பட்டனைத் துடைத்தார்.

கடைசியில் படகு அவளுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. ஊரெல்லாம் அந்த விளையாட்டை வாங்கியது. உலகத்தில் எத்தனையோ பேர் ஒரு சின்னப் பெண்ணின் விரல் எட்டும்வரை பொறுத்திருந்து துடுப்புப் போட்டார்கள். யாருக்கும் தெரியாது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூட. ஒருநாள் பள்ளித் தோழியின் வீட்டில் விளையாடியபோது அவளாகவே கண்டுகொண்டாள். அது பெருமையா, ஆத்திரமா என்று இந்த வயதிலும் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

"கயோ சான்." தனிமோதோ குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரியில அவர்கிட்ட புதுசு ஒரு செட் வச்சுட்டு வந்தேனே. அவர் அதைத் தொட்டாரா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "இன்னிக்கு இதைக் கேக்கறது அசிங்கம்தான். தெரியும். அவர் புதுசை ஏத்துக்கிட்டாரான்னு எல்லாரும் என்னையே கேக்கறாங்க. ஒரு வரி போதும். அவர் சொன்னதா ஒரே வரி."

"வித்துத் தீர்க்கவா?" என்றாள் அத்தை, மீன் முள்ளை ஓரமாக வைத்தபடி.

"அதுக்கும்தாங்க. பொய் சொல்ல மாட்டேன்." அவர் காது சிவந்தது. "ஆனா, எங்க அண்ணன் பையனுக்குப் பொறந்ததிலிருந்தே விரல் சரியா மடங்காது. அவனைப் போலப் பட்டன் அமுக்க முடியாதவங்க நிறையப் பேர். அதை உண்டாக்கினவரே, பக்கவாதத்துல வலது கை விழுந்தப்புறம், இதால அக்கரை போனார்னு தெரிஞ்சா... இது ஏமாத்து வழின்னு யாரும் அவங்களைப் பாத்துச் சொல்ல மாட்டாங்க."

"சொல்லேன்டீ" என்றாள் அத்தை. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "போனவன் சொன்னது நாலு பேருக்கு உதவினா நல்லதுதானே."

கதவு நகர்ந்தது. ஊழியர் மண்டியிட்டு, "தயாராயிடுச்சு. எல்லாரும் வாங்க" என்றார்.

அறையில் சூடு இன்னும் இருந்தது. நீளமான தட்டில் அப்பா வெள்ளையாக, துண்டு துண்டாக, ஆனாலும் படுத்த வாக்கிலேயே இருந்தார். ஊழியர் எல்லோருக்கும் ஜோடி சேராத குச்சிகளைக் கொடுத்தார்: ஒன்று மூங்கில், ஒன்று வேறு மரம். கால்களிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் எலும்பை இரண்டு பேர் சேர்ந்து பிடித்துக் கலசத்தில் இட வேண்டும்.

கயோவும் அத்தையும் முதல் துண்டை வைத்தார்கள். சின்னக் கலசம். அத்தை அதையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் பானையா? மிச்சத் தெத்சுரோவ என்ன பண்றதா உத்தேசம்?"

"இங்க கொஞ்சம்தான் எடுப்போம், அத்தை. மிச்சம் இங்கயே இருக்கும்."

"டோக்கியோவுல துடைச்சு எடுத்துடுவோம். பொடியைக்கூட விட மாட்டோம்."

"நீங்களும் இந்த ஊர்ல பொறந்தவங்கதானே."

"பொறந்தேன். சாகப்போறது அங்க." அத்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. காலையிலிருந்து அவள் அழுது கயோ பார்க்கவில்லை.

"இது கை" என்றார் ஊழியர். கயோ குனிந்து பார்த்தாள். மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் சிறு சிறு துண்டுகள். எது பெருவிரல் என்று தெரியவில்லை. ஊழியர் சற்று நீளமான ஒன்றைக் காட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்து தனிமோதோ குச்சிகளை நீட்டினார். இருவரும் அதைப் பிடித்துத் தூக்கினார்கள். அவர் முந்திக்கொண்டார். எலும்பு சாய்ந்தது.

"இருங்க" என்றாள்.

அவர் நின்றார். அவள் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு நகர்த்தினாள். அவரும் நகர்த்தினார். அது கலசத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

அன்றும் இப்படித்தான்.

போன மாதம் ஒரு மழை மதியம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா மோவாயால் இழுப்பறையைக் காட்டினார். தனிமோதோ செட்டை வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து அவர் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. கயோ புதுக் கன்ட்ரோலரை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தாள். பிடி நிற்கவில்லை, போர்வையில் நழுவி விழுந்தது. மறுபடி வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். நினைவு தெரிந்து அவள் அப்பாவின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எலும்பும் சூடுமாக இருந்தது. இடப்பக்கம் சாய்த்தாள். தண்ணீர் உண்மையாகவே உள்ளங்கையில் எதிர்த்தது. வலப்பக்கம் சாய்க்கப் போனபோது அந்த மணிக்கட்டு இறுகியது. பொறு என்றது. பொறுத்தாள். பிறகு அதுவே விட்டுக்கொடுத்தது.

அப்படியே ஆற்றைக் கடந்தார்கள். யாருக்கும் விரல் வலிக்கவில்லை. திரையில் பயணிகள் ஒவ்வொருவராக வணங்கி இறங்கினார்கள். கடைசிப் பயணி, சின்னப் பெண், எப்போதும்போல வணங்காமல் நாணலுக்குள் ஓடிப்போனாள். கயோ சிரித்தபடி அப்பா பக்கம் திரும்பினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. வழக்கம்போல அவள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியதால் சொற்கள் மெதுவாக வந்தன.

"வலிச்சுதுன்னு எனக்குத் தெரியும்."

அப்பா கண்ணை உயர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். நர்ஸ் மாத்திரையோடு வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

தொண்டை எலும்பைக் கடைசியாக வைத்து ஊழியர் கலசத்தை மூடினார். தட்டில் மிச்சம் நிறைய இருந்தது. அத்தை அதற்கும் ஒருமுறை தலை தாழ்த்திவிட்டு வெளியே போனாள்.

வாசலில் வண்டிக்காகக் காத்திருந்தபோது தனிமோதோ அருகில் வந்தார். வெள்ளைத் துணியில் கட்டிய கலசம் கயோவின் கைகளில் இருந்தது. கைப்பை முழங்கையில் தொங்கியது.

"கயோ சான். அந்த ஒரு வரி."

"புதுக் கை நல்லாருக்கு, தனிமோதோ சான்."

அவர் முகம் மலர்ந்தது.

"உங்க அண்ணன் பையனும் கடந்து போவான். நல்லாப் பண்ணியிருக்கீங்க. அதை நீங்களே சொல்லுங்க, உங்க பேரைப் போட்டு. வேணும்னா என் பேரையும் போட்டுக்குங்க."

"சரி. அவர் சொன்னது?"

அவள் மலையைப் பார்த்தாள். தூரத்தில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

"அது வேண்டாம்."

அவர் காத்திருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. பிறகு ஆழமாகத் தலை தாழ்த்தினார். நிமிரும்போது அவர் பார்வை கலசத்தின் மேல், துணி முடிச்சுக்கு அருகே, கொஞ்சம் தூக்கியபடி நின்ற அவளுடைய பெருவிரலில் பட்டு நின்றது. கயோ அதை மறைத்துக்கொள்ளவில்லை.