படக்கென்று அறுந்த கயிறு

ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசையில் செலஸ்ரீனாவுக்கும் சூசைதாசனுக்கும் கல்யாண அறிவிப்பு வாசிக்க இருந்தார்கள். அதற்கு முன் வந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், பெண்ணின் தங்கச்சி அமலினி பல்கலைக்கழகத்து அறையொன்றுக்குள் இருந்துகொண்டு, மாப்பிள்ளையின் கைகளைச் சத்தமில்லாத வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் விட்டிருந்தால் எல்லோரும் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார்கள். விதி யாரை விட்டது?

அமலினியின் படிப்பைச் சொன்னால் சிசிலியில், போர்கோ வெக்கியோத் தெருக்களில் இருக்கிற எங்கள் சனம் சிரிக்கும். சளார், படக், கறகற, மடமட என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தச் சொற்களின் ஓசைக்கும் பொருளுக்கும் என்ன உறவு, அதைச் சொல்லும்போது கை என்ன செய்கிறது, தமிழே தெரியாத சிசிலிக்காரனுக்கு அதில் எவ்வளவு விளங்கும் என்பதுதான் ஆராய்ச்சி. காலையில் பொலிதேயாமாப் பக்கத்து மாடிவீடுகளில் படிக்கட்டுக் கழுவிவிட்டுப் பின்னேரம் போய் இதைப் படிக்கிறாளாம், இதற்கும் ஒரு பட்டம் கொடுக்கிறார்களாம் என்று மீன்கடையில் வைத்தே கேலி பண்ணியிருக்கிறார்கள். அவள் கோபப்பட மாட்டாள். கேலி பண்ணுகிறவரின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கை பொல்லாதது. பல்லரோச் சந்தையில் மீன் விற்கிறவன், தன்னோடு பேரம் பேசிய மனுசியைப் பற்றிச் சொல்லும்போது இல்லாத கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். அந்த நேரம் அந்தக் கை அவனுடையதில்லை, அவளுடையது. இதைப் பற்றி அமலினி ஒரு அத்தியாயமே எழுதி வைத்திருந்தாள். எழுதி என்ன? தன் வீட்டு விஷயம் என்று வந்தபோது படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

அவளுடைய வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து, கை செய்வதைக் குறிக்க வேண்டும். பிறகு படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். கடைசியில்தான் இரண்டையும் சேர்க்கலாம். வாய் சொல்வதை முதலே கேட்டுவிட்டால் கண் அதற்கு ஒத்து ஊதும் என்பது பேராசிரியையின் கட்டளை. வலக்கையா இடக்கையா என்பதையும் குறிக்கச் சொல்லி அந்த மனுசி பலமுறை சொல்லியிருந்தா. அமலினி அதை மட்டும் கேட்கவில்லை. தின்பது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலக்கையால் செய்கிற சனம், கதைக்கும்போது மட்டும் இடக்கையை முன்னுக்கு நீட்டப்போகிறதா, வீண் வேலை என்று விட்டுவிட்டாள்.

வாழ்க்கையில் மிகவும் பயந்த நாளைச் சொல்லுங்கள் என்பதுதான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. சூசைதாசன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பக்கத்து வீட்டுச் சறோஜாவைக் கேட்கிற ஆளாக முன்னால் இருத்தி, கமெராவை ஓடவிட்டு, தான் வெளியே போய் நின்றுகொண்டாள். சொந்த அண்ணன் கடலில் போன கதையை நின்று கேட்க அவளால் முடியவில்லை.

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குத் தப்பிப் பேசாலைக் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன வள்ளம் நடுக்கடலில் கவிழ்ந்தது. அண்ணன் றொஜரும் அவனுடைய கூட்டாளி சூசைதாசனும் ஒரே கயிற்றை இரண்டு இடுப்பிலும் கட்டிக்கொண்டு, ஒரு வெறும் மண்ணெண்ணெய்க் கலனைப் பிடித்தபடி மிதந்தார்கள். விடிகிற நேரம் கயிறு அறுந்தது. றொஜர் போய்விட்டான். சூசைதாசனை இந்திய மீன்பிடிகாரர் தூக்கினார்கள். திருச்சியில் இருக்கிற அம்மா இன்றைக்கும் சூசைதாசனை, என் பிள்ளையோடு கடைசிவரைக்கும் நின்றவன் என்றுதான் சொல்லுவா. செலஸ்ரீனாவுக்கு அவனைப் பேசி முடித்ததும் அம்மாதான்.

இப்போது திரையில் சூசைதாசனின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. ஒரு கை இடுப்புக்கு முன்னால் எதையோ இழுத்துப் பிடித்தது. மற்றக் கை முட்டியாக மடிந்து, பெருவிரலை மேலே நீட்டியபடி, அங்குமிங்குமாகப் போய்வந்தது. போய்வந்துகொண்டே இருந்தது. கத்தியால் அறுத்தல் என்று அமலினி யோசிக்காமலே குறித்தாள். பிறகு ஒழுங்குப்படி படத்தை மறைத்துச் சத்தத்தைப் போட்டாள். கயிறு படக்கெண்டு அறுந்து போச்சு என்றான் சூசைதாசன்.

 படக்கென்றால் கண்ணிமைக்கிற நேரம். தானாக அறுகிற கயிற்றைச் சொல்கிற எவனும் இரண்டு கையையும் சடாரென்று விலக்குவான், எத்தனையோ பேரில் பார்த்திருக்கிறாள். இவனுடைய கை ஆறுதலாக, நேரமெடுத்து, பிடி தளராமல் அறுத்திருக்கிறது. தான் தப்புவதற்காக அண்ணாவை அறுத்துக் கடலில் விட்டிருக்கிறான். ஆறு வருடமாக அம்மாவின் வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு, இப்போது அக்காவையும் கட்ட வருகிறான். நாசமாய்ப் போவான் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்குப் போனால் செலஸ்ரீனா கல்யாணச் சேலைக்குச் சட்டை தைத்துக்கொண்டு இருக்கிறாள். சுவரில், றொஜர் சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாள் படம். மெழுகுதிரியை அம்மா சொன்ன கையில் பிடிக்க மாட்டேன் என்று அடி வாங்கி, முகத்தை உம்மென்று வைத்திருக்கிற படம். அதைப் பார்த்ததும் அமலினிக்கு அடக்க முடியவில்லை. அறிவிப்பை ஒரு கிழமை தள்ளிப்போடு, அவரைப் படம் பிடித்த கசெற்றில், கயிறு அறுந்த இடத்தில் ஒன்று பார்த்தேன், நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்கிறேன் என்றாள். செலஸ்ரீனா விடுவாளா? அழுதாள், கத்தினாள், முப்பத்துமூன்று வயதில் எனக்கு ஒரு வாழ்வு வருவது உனக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்டாள். அமலினி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதற்குமேல் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றியது மாதிரி, அன்றைக்கே அது திருச்சி வரைக்கும் ஒழுகிவிடும்.

சனிக்கிழமை மத்தியானம், சூசைதாசன் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக் கடைக்கே போய், கையோடு அவனைக் கூட்டிவந்தாள். கல்யாணம் பேசியதிலிருந்து அவனை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை. அவன் ஏதோ பகிடி விட்டுப் பார்த்தான், அவள் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்து அறைக்குள் இருத்தி, கதவைச் சாத்தி, சத்தமில்லாமல் படத்தைப் போட்டாள்.

சூசைதாசன் தன் கைகளைப் பார்த்தான். முகம் சாம்பலாகிப் போனது.

"படக்கெண்டு அறுந்த கயிறை ஏன் இவ்வளவு நேரமா அறுக்கிறீங்கள்?" என்று அமலினி கேட்டாள்.

அவன் எழும்பினான். அவள் போய்க் கதவோடு நின்றுகொண்டாள்.  நாளைக்கு அறிவிப்பை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் சொல்லும்போது சனத்துக்கு நடுவில் எழும்பிச் சொல்லப்போகிறேன் என்றாள். அண்ணாவைக் கொலை செய்தவனுக்கு அக்காவைக் கொடுக்க விடமாட்டேன் என்றாள். கொலை என்ற சொல்லைக் கேட்டதும் சூசைதாசன் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டான். 

"பிள்ளை, திருப்பிப் போடு" என்றான் கடைசியில். "நீ கையைப் பார்த்தனீ. ஆருடைய கையெண்டு பார்க்கேல்லை."

அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் போட்டாள், ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தினாள். கதை தொடங்கியதிலிருந்து சூசைதாசனின் வலக்கைதான் பேசியது. அலையைக் காட்டியது, கவிழ்ந்த வள்ளத்தைக் காட்டியது, கலனைக் காட்டியது. கயிறு வந்த இடத்தில் மட்டும் வலக்கை அடங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அறுத்தது இடக்கை. பெருவிரலைக் கத்தியின் முதுகில் ஊன்றி, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்கி அறுத்தது. அப்படி மீன் வெட்டுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். அந்தக் கையை மாற்றுவதற்கு அம்மா அகப்பைக்காம்பால் அடிக்காத அடியில்லை, அவன் மாற்றவேயில்லை.

அமலினி கதவடியிலேயே குந்திவிட்டாள். அண்ணா, அண்ணா என்று வாய் முணுமுணுத்தது.

சூசைதாசன் மெல்லச் சொன்னான். கலன் ஓட்டை, இரண்டு பேரைத் தாங்கவில்லை. தன்னுடைய கால் விறைத்து, பாரமெல்லாம் றொஜரின் மேல் இருந்தது. இப்படியே போனால் இரண்டு பேரும் தாழுவோம் என்று றொஜர் சொன்னான், இடுப்பிலிருந்த மீன்கத்தியை எடுத்தான். வேண்டாம் என்று சூசைதாசன் கத்தினான், கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்தான். ஈரக்கயிறு, மொட்டைக் கத்தி. அறுபட நேரம் எடுத்தது.

"அம்மாட்டைச் சொல்லாதை எண்டான். தன்னைத்தானே மாய்ச்ச பிள்ளைக்குப் பூசை இல்லையெண்டு அவ செத்துப்போவா எண்டான். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்தக் கை எப்ப சொன்னதெண்டு எனக்கே தெரியாது."

சொல்லிவிட்டுத் தன் இடக்கையை, யாரோ கொடுத்து வைத்த சாமானைப் போலப் பார்த்தான். பிறகு அழுதான். அமலினியும் அழுதாள். அழுது முடிந்ததும் எழும்பிப் போய், அந்த இடத்தை மறுபடியும் போட்டாள், மறுபடியும் போட்டாள். ஆராய்ச்சிக்காக இல்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணாவின் கையைக் காண்கிறாள், வேறென்ன?

"போதும் பிள்ளை, அழிச்சுப்போடு" என்றான் சூசைதாசன்.

"அழிக்கேலாது அத்தான்" என்றாள். "ஆனா ஒருத்தரும் பார்க்க மாட்டினம்."

கசெற்றைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக் கருத்தரங்குக்கு அதைத் தர முடியாது, பேசியவர் சம்மதத்தைத் திரும்ப எடுத்துவிட்டார் என்று பேராசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னாள். அமலினி குறித்து வைத்ததை வெள்ளிக்கிழமையே வாசித்துவிட்ட பேராசிரியை சும்மா இருப்பாவா? ஓசை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் பிரிந்து போன ஒரே சான்று அது, அது இல்லாமல் அத்தியாயம் நிற்காது, பட்டம் ஒரு வருடம் பிந்தும் என்று பொரிந்து தள்ளினா. பிந்தட்டும் என்றாள் அமலினி. 

அன்று பின்னேரம் செலஸ்ரீனா வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே குசினி வாசலுக்கு வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நாளைக்கு அறிவிப்பு வாசிப்பதா இல்லையா, அந்தக் கசெற்றில் நீ என்னத்தைக் கண்டாய், இப்போதே எனக்குத் தெரியவேண்டும் என்றாள். அமலினி அப்போதுதான் கோப்பைகளை எல்லாம் வாரித் தொட்டிக்குள் போட்டு, சவர்க்காரத் தண்ணீரை நிரப்பியிருந்தாள்.

"நான்தான் பிழையாப் பார்த்திட்டன், அக்கா" என்றாள். "வாசிக்கட்டும்."

"அப்ப கயிறு?"

"படக்கெண்டுதான் அறுந்ததாம்."

செலஸ்ரீனா அவளுடைய முகத்தையே உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு பெருமூச்சு விட்டு, சரி, இனி என்னை இப்படிப் பயப்படுத்தாதே என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற வரைக்கும் அமலினி தன் இரண்டு கைகளையும் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை.