முதல் அறுவடையோடு முடிக்க வேண்டிய தோட்டம்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த அளவுகளிலேயே உன்னதமானது, ஒரு வீடியோ கேம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கத்திரி வகுத்துவைத்த அளவுதான். இதைக் கத்திரியே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கேம் தயாரிக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் நீளத்தை வெட்டுவது அவர் வேலை. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். சண்டை கேம் என்றால் டீ ஆறுவதற்குள் எவனாவது ஒருவன் விழுந்துவிட வேண்டும். பேய் கேம், ஆள் பாத்ரூம் போகாமல் தாங்கும்வரை. கதை கேமுக்கு ஒரு சனி, ஞாயிறு. திங்கட்கிழமையும் அழுகை தொடர்ந்தால் அது கதையல்ல, சீரியல். இதற்கு மேல் ஆடுகிறவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள்.

அவர் மனைவியின் தம்பியும் அங்கேதான் புரோகிராமர். ராப்பகலாகக் கண்விழித்து அவன் கட்டியது ஒரு தோட்ட கேம். விதை, தண்ணீர், களை, மறுபடி விதை, முடிவே கிடையாது. அது அப்படியே வெளியாகுமா, முதல் அறுவடையோடு வணக்கம் போட்டு இழுத்து மூடப்படுமா என்பது அன்று மதியக் கூட்டத்தில் தெரிந்துவிடும். கத்திரி சொன்னால் முதலாளியம்மா மறுபேச்சு பேசமாட்டார்.

“உங்கக்கா பால்கனில வெச்ச செடியே காஞ்சு கெடக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கற வெண்டைக்கு எவன்டா தண்ணி ஊத்துவான்?”

“நீங்க ஆடிப் பாத்தீங்களா மாமா?”

ஆடி, முடித்து, காபியும் குடித்தாகிவிட்டது என்றார். மச்சான் சந்தேகத்தோடு அவர் விரலைப் பார்த்தான். சோதனைக்காக ஒவ்வொரு கேமிலும் ஒரு வேகப் பட்டன் வைப்பார்கள். அழுத்தினால் கேமுக்குள் ஒரு நாள் ஒரு நொடியில் ஓடிவிடும். பிழை தேடுகிறவர்கள் அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடுவார்கள். கத்திரி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எடுத்ததே இல்லை. எந்தப் பேயும் அவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை.

மச்சான் அவருக்குத் தெரியாமல் அந்தப் பட்டனை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டு கேமை மறுபடி ஏற்றிக் கொடுத்தான்.

“கூட்டத்துக்கு முன்னாடி இன்னொரு தடவை ஆடிடுங்க. அப்புறம் வெட்டுங்க, நான் ஒண்ணும் கேக்கல.”

கத்திரி விதையைப் போட்டு பட்டனைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. குத்தினார். கம்ப்யூட்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். வேறு வழியில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது மண்ணிலிருந்து ஓர் இலை எட்டிப் பார்த்தது. அதைத் தின்ன ஒரு நத்தை வந்தது. நத்தையை அவர் அனுப்பிவைத்த விதத்தைச் சபையில் சொல்ல முடியாது. பிறகு, ஆராய்ச்சிக்காக மட்டும், இன்னொரு வரிசை நட்டார்.

கூட்டம் தொடங்கி வெகுநேரம் கழித்து மச்சான் வந்து கதவருகே நின்றான்.

“முதலாளியம்மா கேக்கறாங்க மாமா. முதல் அறுவடையோட முடிச்சிடலாமா?”

“அவசரப்பட வேணாம்னு சொல்லு,” என்றார் கத்திரி, கண்ணை எடுக்காமல். “இப்பத்தான் பூ விட்டிருக்கு.”

மாமா வெட்ட வேண்டாம் என்கிறார் என்று கூட்டத்தில் போய்ச் சொன்னான் மச்சான். இங்கே கத்திரி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்டுப்போன வரிசைக்குத் தண்ணீர் ஊற்றினார்.