சரிவில் ஆறு நொடி

சரிவில் பஸ் மோதி, நடந்துபோன ஒருவருக்குக் கால் போனது. பிரேக் சரியில்லை, மெக்கானிக்தான் பொறுப்பு என்று விசாரணை அதிகாரி முடிவுகட்டியதும் இயற்பியல் டீச்சருக்கு வயிறு எரிந்தது. மெக்கானிக் அவள் கணவன். பஸ்ஸை ஓட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி.

அதிகாரியின் கணக்கு ரொம்பச் சுலபம். விபத்து நடந்த கையோடு சோதித்தபோது பிரேக் ஒவ்வொரு நொடியும் மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தைத்தான் குறைத்தது. மிதித்தது ஆறு நொடி. மோதும்போது வேகம் இருபது. அப்படியானால் மிதிக்கும் முன் நாற்பத்துநாலு. அந்தச் சாலையில் ஐம்பது போகலாம், ஆக டிரைவர் உத்தமர்.

ஆறு நொடியும் ஒரே பிடி என்று நினைத்துவிட்டார் அந்த மேதாவி. அன்று காலை வண்டி கிளம்பும் முன் நடந்த சோதனையில் அதே பிரேக் நொடிக்குப் பதினெட்டு குறைத்திருந்தது. சூடேறச் சூடேறப் பிடி தளரும். முடுக்கம் மாறிக்கொண்டே போனால் வெறும் பெருக்கல் உதவாது, தொகையிட வேண்டும். சமையல் மேடையில் காகிதத்தை விரித்து, பதினெட்டிலிருந்து நாலுக்கு இறங்கும் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் பிரேக் தின்ற வேகம். அறுபத்தாறு. மோதிய இருபதையும் சேர்த்தால் எண்பத்தாறு.

கோட்டை வளைத்து வளைத்துப் பார்த்தாள், சரிவின் இழுப்பையும் கழித்துப் பார்த்தாள். எண் கொஞ்சம் குறைந்ததே தவிர ஐம்பதுக்குள் வருவேனா என்றது. புருஷனைக் காப்பாற்றப் போட்ட கணக்கு தம்பியின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

தம்பியை வரவழைத்துக் காட்டினாள். அவன் மறுக்கவில்லை. வண்டியைச் சீக்கிரம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரம் என்றான்.

"அக்கா, மாமாவுக்கு எந்த ஒர்க்ஷாப்லயும் வேலை கிடைக்கும். லைசென்ஸ் போனா நான் எங்க போவேன்? அந்த அதிகாரி போட்ட கணக்கே இருந்துட்டுப் போகட்டுமே."

கால் போனவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. மறுநாளே காகிதத்தை அதிகாரியிடம் கொடுத்து, அவருக்குப் புரியும்வரை விளக்கிவிட்டு வந்தாள்.

தம்பியின் லைசென்ஸ் போனது. கணவன் வேலைக்குத் திரும்பினான். அன்று சாப்பாடு போட்டபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கணக்கு சரிதான். ஆனா கூடப்பிறந்தவனையே விட்டுக்கொடுத்துட்ட. நாளைக்கு நான் ஒரு நட்டை முடுக்க மறந்தா, எனக்கும் இப்படித்தான் கணக்குப் போடுவியா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"போடுவேன்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்தான்.