வூலேயின் கட்டை

வரும் ஞாயிற்றுக்கிழமை பகை தீர்க்கும் நாள். மொராச்சா மலையில் அதற்கொரு முறை உண்டு. கொன்றவன், கொன்ற அதே துப்பாக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செத்தவன் வீட்டு முற்றத்தில் தவழ்ந்து போகவேண்டும். செத்தவனின் தகப்பன் அதைக் கழற்றி அவனை முத்தமிட்டால் பகை முடிந்தது. இல்லையென்றால், கொன்றவன் வீட்டு இன்னொரு ஆணைப் பழிவாங்கும் வழக்கப்படி, கொன்ற மிலுட்டினின் தம்பி ராடோஷ் சாகவேண்டும். இரண்டு வருடமாக அவன் வாசலைத் தாண்டவில்லை. உழவெல்லாம், பகை தொடாத வீட்டுப் பெண்கள்தான்.

துப்பாக்கி முழுதாக இருக்கவேண்டும். அங்கேதான் மிலுட்டின் வசமாக மாட்டிக்கொண்டான். மேய்ச்சல் தகராறில் வூலேயைச் சுட்ட கையோடு, துப்பாக்கியைப் பாறையில் ஓங்கி அடித்து, இரும்பைத் தாங்கும் மரக்கட்டையைப் பிளந்திருந்தான். சுட்டபின் வருகிற புத்தியால் யாருக்கு என்ன லாபம்? உடைந்த துப்பாக்கியோடு போனால், வூலேயின் தகப்பன் பாட்ரிச் அதைக் கேலியாகவே எடுத்துக்கொள்வார்.

மௌசர் ரகத் துப்பாக்கி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நம்பி, இரண்டு ஆடு கொடுத்து, பெரிய யுத்தத்து ஜெர்மன் துப்பாக்கியின் கட்டை ஒன்றை வாங்கிவந்தான். துப்பாக்கி பழுதுபார்க்கும் லாசோ அதில் மிலுட்டினுடைய துப்பாக்கியின் குழலும் விசையும் சேர்ந்த இரும்பை வைத்துப் பார்த்தான். முன் திருகு இறங்கியது. பின் திருகு மரத்தில் முட்டியது.

"மடையா, உன்னோடது குட்டை, இது நெட்டை. அரை விரல் வித்தியாசம்."

"துளையைத் தள்ளிப் போட்டுடேன், லாசோ."

"துளை மட்டுமா? இரும்பு உக்கார்ற குழியே நீளம். கடகடன்னு ஆடும். கையில எடுத்ததுமே கெழவருக்குத் தெரிஞ்சிடும்."

"அப்ப எதுதான்டா சேரும்?"

லாசோ கையைத் துடைத்தான். மிலுட்டினுக்கே தெரியும். அந்தக் குட்டை ரகம் மலையில் இரண்டுதான். ஒரே சந்தையில், ஒரே வியாபாரியிடம், அவனும் வூலேயும் ஒன்றாகப் போய் வாங்கியவை. வூலே அவன் மகளுக்கு ஞானத்தகப்பன்.

"நீ வூலே வீட்டுல காலே வைக்கக் கூடாது. நான் போய்க் கேக்குறேன். ஒத வாங்கினா உனக்காகத்தான்னு நெனச்சுக்கறேன்" என்றான் லாசோ.

மறுநாள் மதியம் லாசோ சாக்கில் சுற்றிய கட்டையோடு திரும்பினான். பாட்ரிச் சுவரிலிருந்து மகனுடைய துப்பாக்கியை இறக்கி, தானே கழற்றிக் கொடுத்தாராம். இரண்டு திருகும் சுலபமாக இறங்கின.

ஞாயிறன்று ஊர் முழுக்கப் பார்க்க அவன் தவழ்ந்தான். முட்டி இரண்டும் கிழிந்தன. கிழவர் துப்பாக்கியைக் கழற்றினார், அவனைத் தூக்கி நிறுத்தினார், நெற்றியில் முத்தமிட்டார். ராடோஷின் மனைவி வாய்விட்டு அழுதாள்.

பிறகு துப்பாக்கியை அவனிடமே திருப்பித் தருவது வழக்கம். பாட்ரிச் தரவில்லை.

"லாசோ, இந்தத் திருகைக் கழட்டு."

லாசோ கழற்றினான். கிழவர் இரும்பை மட்டும் நீட்டினார்.

"உன் தம்பி இனிமே உழட்டும், போ. சுட்டது இதுதான், இதை நீயே வச்சுக்க. மரத்துல எம்புள்ள கன்னத்தை வச்சு வச்சுத் தேஞ்சிருக்கு. அது எங்கிட்ட இருக்கட்டும்."

மிலுட்டின் வாங்கிக்கொண்டான். இரண்டு வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. கிழவர் அதைப் பார்க்க நிற்கவில்லை. கட்டையை மார்போடு அணைத்தபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.